ஆரோக்கியத்தின் பத்தியம்

இதை எனக்கு முதலில் சொன்னது பிரகாசி மைனி. போன வருசம் மாதா நவநாளின் ஏழாம் நாள், பூசை முடிந்து கோயில் வாசலில் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். கிடைத்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடியே முழுவதையும் சொல்லி முடித்தாள். பிறகு நான் இதெல்லாம் நடந்த வீட்டுக்காரி இஞ்ஞாசியம்மாளிடமே நேரில் போய்க் கேட்டேன். மைனி எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எடையில் மட்டும் பத்து கிராம் கூட்டியிருந்தாள்.

மணல்துறையில் ஒருவருக்கு வயிறு கெட்டால் அவர் பத்தியம் இருப்பதில்லை. அவர்மேல் பிரியம் உள்ள ஒருவர் அவருக்காகப் பத்தியம் இருப்பார். நோயாளிக்கு வயிறு சரியாகும். பால்குடிப் பிள்ளைக்கு மந்தம் என்றால் தாய் பத்தியம் இருப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மணல்துறையில் பிள்ளை பால் மறந்த பிறகும் அது நிற்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர் முதலில் கேட்பது, "பத்தியக்காரர் வந்திருக்காரா?" என்றுதான். போஸ்ட்மாஸ்டருக்குச் சர்க்கரை. அவர் டீக்கடையில் நின்று ஜிலேபி தின்பார். அவர் மனைவி வீட்டில் உட்கார்ந்து பாகற்காய் தின்பாள். அவருக்குச் சர்க்கரை இறங்கும்.

"இந்த ஊர்ல ஆம்பளைக்கு நோய் வந்தா பொம்பளைதான் மெலியணும்" என்பாள் பிரகாசி மைனி. அவள் புருசனுக்கு மூலம். அவள் பச்சை மிளகாயைக் கடித்து ஒன்பது வருசம் ஆகிறது.

பிரியம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. மடிச்சான்று வேண்டும். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி பத்தியக்காரரின் மடியில் படுத்து, ஜெபமாலையில் பத்து மணி சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட வேண்டும். கிறிஸ்தவ வேதக்காரர் அல்லாதவர்களுக்கு நூறு எண்ணுவார்கள். தாசில்தாரே மனைவியின் மடியில் அப்படித் தூங்கித்தான் சான்று வாங்கினார். பெல்ட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

இஞ்ஞாசியம்மாள் முன்பே ஒரு முறை பத்தியம் இருந்தவள். புருசன் மிக்கேலுக்காக மூன்று வருசம் உப்பில்லாமல் சாப்பிட்டாள். மூன்றாம் வருசம் கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து ஒரு துண்டு கேக்கை அவள் வாயில் வைத்துவிட்டது. துப்பினால் பிள்ளையின் முகம் வாடுமே என்று கண்ணை மூடி விழுங்கிவிட்டாள். பன்னிரண்டாம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, மிக்கேல் போய்ச் சேர்ந்தார். 'கேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் அவள் பைபிளுக்குள் இருந்தது. அதன்பின் பதினொரு வருசமாக அவள் கேக்கைத் தொடவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து போய்விட்டார்கள். மகன் ஓசூரில். மகள் சகாயசீலி கனடாவில் நர்சு. அவள் கிளம்பும்போது தான் வளர்த்த ஃபெரட்டை அம்மாவிடம் விட்டுப் போனாள். ஃபெரட் என்பது கீரிக்குச் சித்தப்பா மகன் மாதிரி ஒரு பிராணி. நீள உடம்பு, குட்டைக் கால், கண்ணைச் சுற்றிக் கள்ளன் போலக் கறுப்பு. ஆரோக்கிய மாதா திருநாளன்று வாங்கியதால் ஆரோக்கியம் என்று பேர் வைத்திருந்தாள். இஞ்ஞாசியம்மாள் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் அவன் அவளுடைய நைட்டிக் கைக்குள் புகுந்து, முழங்கைப் பக்கம் மூக்கை வெளியே நீட்டித் தூங்குவான். அந்த வீட்டில் அவள் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல வேறு ஆள் இல்லை. அவனும் சொல்வதில்லை. ஆனால் இருப்பான்.

ஏழாம் வயதில் அவனுக்கு வயிறு கெட்டது. ஃபெரட்டுக்கு ஏழு என்றால் நமக்கு எழுபது. தின்றது தின்றபடி விதை விதையாக வெளியே வந்தது. பல்லை நறநறவென்று கடித்தான். முன்னங்காலால் வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். முதுகெலும்பு சீப்புப் பல்லாகத் தெரிந்தது.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு அவனை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் வைரவன் அவனைத் தராசில் வைத்தார்.

"எழுநூத்தி நாப்பது. போன வருசம் தொள்ளாயிரத்தி எண்பது இருந்தான். இது வயசான குடல்மா. இந்த நோய் போகாது, கூடவே இருக்கும். நாம அதோட சண்டை போடாம குடித்தனம் நடத்தணும். ஆனா எழுநூறுக்குக் கீழ இறங்கினா வயிறு வேலையை விட்டுரும். அப்புறம் எனக்கு எழுத ஒண்ணும் இருக்காது." பேனாவைத் திறந்தார். "பத்தியக்காரர் யாரு?"

"நான்தான் டாக்டர்."

ஆரோக்கியம் அவள் மடியில் நான்காவது மணியிலேயே தூங்கிவிட்டான்.

டாக்டர் சீட்டை அவள் பேரில் எழுதினார். சோறு கூடாது. காய் கூடாது, பழம் கூடாது, பால் கூடாது. இனிப்பு வாசனையே கூடாது. உப்பும் காரமும் இல்லாமல், மைய அரைத்த கறி, வெதுவெதுப்பாக, இரண்டு ஸ்பூன். பகலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. ராத்திரி மட்டும் ஆறு மணி நேரம் விடலாம். அதற்குமேல் வெறும் வயிறாகவும் இருக்கக் கூடாது.

"குடலுக்குப் பழக்கமில்லாத கறியா இருந்தா நல்லது. நீங்க இதுவரைக்கும் என்ன கறி சாப்பிட்டதில்லை?"

இஞ்ஞாசியம்மாள் யோசித்தாள். "காடை, டாக்டர்."

"காடை" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மறுநாளிலிருந்து அவன் தட்டை அவள் தின்றாள், அவள் தட்டை அவன் தின்றான். அவள் அடுப்படியில் நின்றபடியே உப்பில்லாத காடையை ஸ்பூனில் எடுத்து, 'ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குச் செமிக்கட்டும்' என்று சொல்லி விழுங்குவாள். அவன் கீழே உட்கார்ந்து ரசம் சோறும் அப்பளமும் தின்பான். அப்பளத்தை உடைக்கும் சத்தம் கேட்டாலே அவளுக்கு வாயில் நீர் ஊறும். தவக்காலத்தில் ஊறுவது நல்லதுதான் என்று இருந்துகொள்வாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வேதக்காரர் கறி தொடாமல் சுத்தபோசனம் இருக்க வேண்டும். மீனுக்குத் தடையில்லை. வெள்ளிக்கு மட்டும் நெத்திலியை முள் எடுத்து அரைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் கழித்து எடை எழுநூற்று இருபத்தெட்டு. இரண்டாம் வாரம் எழுநூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் வைரவன் ஸ்டெதாஸ்கோப்பை ஆரோக்கியத்தின் வயிற்றில் வைத்துக் கேட்டார். பிறகு இஞ்ஞாசியம்மாளின் கைநாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"உங்க பத்தியத்துல குறை இல்லைம்மா. அவன் வயித்துக்கு வந்து சேரல. வழியில எங்கயோ ஒழுகுது."

அவள் நேராகக் கோயிலுக்குப் போனாள். மணல்துறையில் பத்தியத்தை ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒப்புக்கொடுத்தால்தான் அது உரியவருக்குப் போய்ச் சேரும். உபதேசியார் சந்தியாகு கோயில் நோட்டை விரித்து, தான் வாசித்ததை விரலால் காட்டினார்: 'இஞ்ஞாசியம்மாளின் பத்தியம், ஆரோக்கியத்துக்காக.'

"யாரு ஆரோக்கியம்னு நெனச்சு வாசிச்சீங்க அண்ணாச்சி?"

"யாருன்னா? பங்குச் சனங்களோட ஆரோக்கியம்தான். பொது வேண்டுதல்லா?" என்றார் அவர். சொன்னபிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அதான் பாத்தேன். பத்து வருசமா இருந்த நெஞ்செரிச்சல் ரெண்டு வாரமா காணோம்."

விசாரித்தால் பங்கு முழுவதும் அப்படித்தான். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சமாகக் காடை போய்ச் சேர்ந்திருந்தது. வலைக்காரத் தெருவில் ஒருவருக்கு ஏப்பம் நின்றிருந்தது. கொயர் பாடும் பிள்ளைகளுக்குச் சுருதி சேர்ந்திருந்தது. ஆரோக்கியத்துக்கு மட்டும் நானூற்றுப் பதின்மூன்றில் ஒரு பங்கு கிடைத்திருந்தது.

இஞ்ஞாசியம்மாள் நோட்டில் திருத்தச் சொன்னாள். அதற்குள் விசயம் தெரிந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"யக்கா, இன்னும் ஒரே ஒரு வாரம் விட்டு வைங்க. எனக்கு இப்பத்தான் காலையில ஒழுங்காப் போகுது."

"நானூறு மனுசருக்கு ஆகிற காரியம். ஒரு கீரிக்குப் போயி..."

"கீரி இல்லை, ஃபெரட்" என்றாள் இஞ்ஞாசியம்மாள். அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "உங்க எல்லாருக்கும் உங்க வீட்டுல ஒரு ஆள் இருக்கு. நீங்க தூங்கறதுக்கு ஒரு மடி இருக்கு. அவனுக்கு நான்தான் இருக்கேன். எழுதுங்க அண்ணாச்சி."

கூட்டத்தின் பின்னாலிருந்து பிரகாசி மைனி கத்தினாள்: "ஏப்பம் நிக்கணும்னா பொண்டாட்டியக் கேளுங்கலே! ஊரான் வீட்டுக் காடையத் தின்னுட்டு நியாயம் பேச வந்துட்டானுவ!"

சந்தியாகு பெருமூச்சு விட்டார். நெஞ்செரிச்சல் அப்போதே திரும்பி வரத் தொடங்கியது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார்: 'இஞ்ஞாசியம்மாளின் பத்தியம், இ. ஆரோக்கியத்துக்காக. வளர்ப்புப் பிராணி. கதவு எண் 14, சிலுவைத் தெரு.' இனிஷியல் அவளுடையது.

அடுத்த வாரம் எழுநூற்று முப்பது. அதற்கடுத்த வாரம் எழுநூற்று ஐம்பத்தைந்து. பல்கடி நின்றது. குருத்தோலை ஞாயிறன்று எழுநூற்றுத் தொண்ணூறு. ஆரோக்கியம் குருத்தோலையைத் திருடிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தான். கொஞ்ச நாளாக அவன் எதையும் திருடாமல் இருந்ததுதான் அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. அன்று ஓலையைத் தேடுகிற மாதிரி வீடெல்லாம் குனிந்து நடந்து, அவன் பார்க்கும்படி, "யாருடே எடுத்தது, யாருடே எடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பெரிய வெள்ளி வந்தது.

மணல்துறையில் பெரிய வெள்ளியன்று கறி கிடையாது, மீனும் கிடையாது. எந்த வள்ளமும் கடலில் இறங்காது. மூன்று மணி ஆராதனை முடிந்தபின் கோயிலில் ஊற்றும் அரிசிக் கஞ்சி மட்டும்தான். அந்தக் கஞ்சி இஞ்ஞாசியம்மாளின் வயிற்றுக்குள் போனால் அது ஆரோக்கியத்தின் குடலில் சோறு. ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் ஆறு மணி நேரத்துக்குமேல் வெறும் வயிறு. காடையைச் சாப்பிட்டால், விவரம் தெரிந்த நாளிலிருந்து அறுபத்து நாலு வயது வரை காத்த பெரிய வெள்ளி போய்விடும்.

வியாழக்கிழமை சாயந்தரம், பாதம் கழுவும் பூசைக்கு முன்னால், பங்குச்சாமியைப் போய்ப் பார்த்தாள். அவர் இளம் வயதுச் சாமியார். பன்னிரண்டு பேருக்கு வேண்டிய துவாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சாமி, நாளைக்கு நோயாளிக்கு விலக்கு உண்டா?"

"உண்டும்மா. நோயாளிக்கு எப்பவும் உண்டு."

"பத்தியக்காரருக்கு?"

சாமி துவாலையை வைத்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

பொய் சொல்ல அது நாளில்லை. "கல்லு மாதிரி இருக்கேன் சாமி."

"அப்ப விலக்கு ஆரோக்கியத்துக்குத்தான். அவன் நாளைக்கு என்ன வேணும்னாலும் சாப்பிடலாம்."

"அவன் சாப்பிட்டு என்ன சாமி செய்ய? அவன் நோயாளியில்லா?"

"அதாம்மா சிக்கல்" என்றார் சாமி. அவரும் வருத்தப்பட்டார்.

வேறு மடி தேடிப் பார்த்தார்கள். டாக்டர் வைரவன், "எனக்குப் பெரிய வெள்ளி கிடையாதும்மா, நாளைக்கு ஒரு நாள் நான் சாப்பிடுறேன்" என்று மடியைக் காட்டினார். ஆரோக்கியம் அவர் போட்ட ஊசிகளை எல்லாம் நினைத்துக்கொண்டு அவர் கட்டை விரலைக் கடித்தான். டீக்கடை ரகுமான் பாய் வந்தார். அவர் மடியில் ஆரோக்கியம் விளையாடினான், சாவிக்கொத்தைத் திருடினான், தூங்கவில்லை. நூறு எண்ணி முடித்துப் பாய் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

பிரகாசி மைனி கடைசியாகச் சொன்னாள். "யக்கா, கடவுளுக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டு முழுங்கிரு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டு முழுங்கினேன் பிரகாசி" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

மைனி காடை டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழன் முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இஞ்ஞாசியம்மாள் கடைசி இரண்டு ஸ்பூனைச் சாப்பிட்டாள். காலை ஆறு மணிக்குள் அடுத்த வேளை ஆக வேண்டும்.

விடிகிற நேரம் எழுந்து, ஜெபமாலையின் துக்க தேவ ரகசியங்களைச் சொல்ல உட்கார்ந்தாள். ஆரோக்கியத்துக்கு இடம் கொடுக்கக் கையை நீட்டினாள். அவன் வரவில்லை. தலையணையின் மேல் இருந்தான். மூன்று முறை சுற்றினான். உடம்பை வளையமாகச் சுருட்டினான். பின்காலுக்கு மேலே, தன் வயிற்றின் மடிப்பில், தன் மூக்கை வைத்துக் கண்ணை மூடினான்.

இஞ்ஞாசியம்மாள் ஏழு வருசமாக அவன் அப்படித் தூங்குவதைப் பார்த்திருக்கிறாள். அது யாருடைய மடி என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மணியை அப்படியே நிறுத்தி, ஆண்டவரிடம் "இதோ வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, காடை இருந்த எவர்சில்வர் டப்பாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் வைரவனின் வீடு மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால்தான். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கட்டை விரலில் கட்டு இருந்தது.

"பத்தியக்காரர் வந்திருக்காரா?"

"வந்திருக்காரு டாக்டர்." ஆரோக்கியத்தை எடுத்து மேசைமேல் விட்டாள்.

"நோயாளி?"

"அவரும் வந்திருக்காரு."

டாக்டர் ஆரோக்கியத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, "ஆரம்பிங்க" என்றார்.

அவள் முதல் மணியைப் பிடித்து, 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள். ஆரோக்கியம் மேசைமேல் இருந்த மருந்துச் சீட்டுக் கட்டை முகர்ந்தான். இரண்டாம் மணிக்கு ரப்பர் ஸ்டாம்பைத் தள்ளிப் பார்த்தான். மூன்றாம் மணிக்கு அது கீழே விழுந்தது. நான்கு, ஐந்து. அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். ஆறாம் மணிக்கு இன்னொரு சுற்று. ஏழாம் மணிக்கு வளைந்து படுத்துத் தன் மடியில் தன் தலையை வைத்தான். எட்டாம் மணிக்குக் கண் மூடியது. ஒன்பதாம் மணியில் மெல்லக் குறட்டை வந்தது. பத்தாவதை அவள் சத்தமில்லாமல் சொன்னாள்.

டாக்டர் படிவத்தை நிரப்பினார். நோயாளி பெயர், இ. ஆரோக்கியம். பத்தியக்காரர் பெயர், இ. ஆரோக்கியம். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்ன போட?"

"சொந்தம்னு போடுங்க டாக்டர்."

போட்டார். கீழே குனிந்து ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். அந்தச் சத்தத்தில் ஆரோக்கியம் விழித்தான். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. டப்பாவைத் திறந்து ஸ்பூனை நீட்டினாள். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று சாமி சொல்லியிருக்கிறார். பத்தியக்காரருக்குப் பத்தியம் உண்டு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆரோக்கியம் இரண்டு பேர் சார்பிலும் இரண்டு ஸ்பூனையும் தின்று, டப்பாவின் மூடியையும் நக்கினான்.

அன்று மூன்று மணிக்கு ஊரே சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றது. இஞ்ஞாசியம்மாளின் வயிறு காலையிலிருந்து காலியாக இருந்தது. நாற்பத்து மூன்று நாளுக்குப் பிறகு அது அவளுடைய வயிறு. அதில் பசித்தது. ஆராதனை முடிந்ததும் இரண்டு கிண்ணம் கஞ்சி வாங்கிக் குடித்தாள். கஞ்சி ஊற்றிய சந்தியாகு, "ஒருசந்தி நோன்பு நாள்ல ரெண்டு கிண்ணமா?" என்றார். "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணும் எனக்குத்தான்" என்றாள் அவள்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆரோக்கியம் தன் பத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டான். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை அவனே வந்து அடுப்படியில் ஸ்பூனைத் தட்டிக் கூப்பிட்டான். ரசம் சோற்றை அவள் பக்கமாக மூக்கால் தள்ளினான். அப்பளத்தை மட்டும் தள்ளும்போது கொஞ்சம் யோசித்தான்.

உயிர்ப்பு ஞாயிறு காலை, பூசை முடிந்ததும், டாக்டர் வைரவன் மாட்டாஸ்பத்திரித் தராசைக் கோயில் மைதானத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு ஆட்களும் சுற்றி நின்றார்கள். நெஞ்செரிச்சல் திரும்பி வந்தவர்களும் ஏப்பம் திரும்பி வந்தவர்களும்தான் முன் வரிசையில் இருந்தார்கள். ஆரோக்கியம் தராசுத் தட்டில் ஏறி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"எண்ணூத்தி முப்பத்தெட்டு!" என்றார் டாக்டர்.

பேண்டு வாத்தியக்காரர்கள் உயிர்ப்புப் பாட்டை முதலிலிருந்து அடித்தார்கள். கோயில் மணி அடித்தது. ரகுமான் பாய் தன் சாவிக்கொத்தை அவனுக்கே கொடுத்துவிட்டார். பிரகாசி மைனி புருசனைக் கூட்டத்துக்குள்ளிருந்து பிடித்து இழுத்து, "பாத்தீரா? ஏழு வயசுக் கீரி அதுவாவே இருக்கு பத்தியம். நாளையிலேருந்து மிளகாய் எனக்கு, மோர் உமக்கு" என்றாள். அவர் தன் மடியில் தானே தூங்கக் குனிந்து பார்த்தார். வயிறு இடித்தது. பழகினால் வரும் என்று டாக்டர் சொன்னார்.

சாமி வெட்டிய பாஸ்கா கேக் தட்டு தட்டாக வந்தது. மைனி ஒரு துண்டை எடுத்து இஞ்ஞாசியம்மாளிடம் நீட்டினாள். வைத்துக்கொள்ள இலை இல்லை. இஞ்ஞாசியம்மாள் பைபிளைத் திறந்து, பதினொரு வருசமாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்து, அதன்மேல் கேக்கை வாங்கிக்கொண்டாள். டாக்டரின் கையெழுத்தில் நெய் பட்டது. அவள் கண்ணைத் திறந்தபடியே கடித்தாள். மென்றாள். உள்ளே பழம் இருந்தது. முழுவதையும் தின்று, தாளில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் எடுத்துத் தின்றாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ஆரோக்கியம் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு வந்துவிட்டான். குடல் பழைய குடல்தான். நோயும் அங்கேயேதான் குடித்தனம் இருக்கிறது. காடைதான், இரண்டு ஸ்பூன்தான். உடம்பில் தெம்பு வந்ததிலிருந்து ஒரே ஒரு சங்கடம். யாராவது முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எனக்கு ஆரோக்கியத்தைத் தாரும்" என்று கேட்டால், காலையில் அவன் அவர்கள் வீட்டில் இருக்கிறான். முதலில் சந்தியாகு வீட்டில், மாவு டப்பாவுக்குள். பிறகு போஸ்ட்மாஸ்டரின் பைக்குள். ஒரு முறை ராமேஸ்வரத்தில் ஒரு பஸ் கண்டக்டர் வீட்டில். என் வீட்டிலும் ஒரு செவ்வாய்க்கிழமை அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தான். காடை இல்லாததால் நெத்திலி அரைத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு என் ஜெபமாலையை எடுத்து ஒளித்து வைத்தான்.

எங்கே போனாலும் சாயந்தரம் வீட்டுக்கு வந்துவிடுகிறான். கனடாவில் சகாயசீலி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "எங்கம்மாவுக்கு நல்ல ஆரோக்கியத்தைக் கொடும்" என்று தினமும் கேட்கிறாள். இங்கே அப்போது சாயந்தரம். இஞ்ஞாசியம்மாள் நைட்டிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதனால்தான் கேட்கிறேன். ஜெபம் பண்ணும்போது சுகம் தாரும் என்று கேளுங்கள். அர்த்தம் ஒன்றுதான், அவருக்கும் புரியும். இவன் வயசானவன், அலைய விட வேண்டாம்.